இரண்டாவது வரம்

பாலில் ஆடை படிந்திருந்தால் என் அம்மா குடிக்க மாட்டாள், டாக்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அதனால் நான் எப்போதும் வடிகட்டித்தான் கொடுப்பேன். உங்கள் வார்டில் அப்படியே நீட்டுகிறார்கள். காலையில் அவள் முகத்தைச் சுளித்ததைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் இனி யார் கேட்கப் போகிறார்கள்?

நீங்கள் என்னைக் கூப்பிட்டது இதற்காக இல்லை என்று தெரியும். அம்மாவின் ரத்தத்தில் இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. எந்த டாக்டரும் எழுதித் தராத மாத்திரை, அதுவும் வருடக்கணக்காக உள்ளே போயிருக்கிறது. போலீசுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை என் பேச்சைக் கேட்ட பிறகு முடிவு செய்வதாகச் சொன்னீர்கள். நியாயம்தான். நான் மருந்துக்கடைக்காரன். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பீர்கள்? இத்தனை காலம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனிமேல் மறைக்கச் சோறு போதாது.

கொடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் நேரம் மிச்சம். ஏன் கொடுத்தேன் என்பதைத்தான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, அவன் என் அண்ணன். அம்மா கீழே விழுந்ததைக் கேள்விப்பட்டு ரயிலேறி வந்திருக்கிறான். அம்மாவுக்குத் தெளிவு வந்ததும் நர்ஸிடம் சொன்ன முதல் வார்த்தை, ‘என் பெரிய பையன் வந்தா உள்ள விடாதீங்க’ என்பதுதானாமே. நீங்களே சொன்னீர்கள். பெற்ற பிள்ளையை இப்படி வெறுக்கும் அளவுக்கு அவன் என்ன செய்தான் என்று அவனிடமே கேட்டீர்களாம். அவன் வாயே திறக்கவில்லையாம். அவன் திறக்க மாட்டான். நான்தான் திறக்க வேண்டும். அவன் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து அம்மாவின் கட்டிலருகே போய் உட்கார வேண்டும் என்றால், இந்த அறையில் நான் வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தாக வேண்டும்.

எங்கள் கடை ஒரு முச்சந்தியில் இருக்கிறது. முன்பக்கம் கல்லா, அலமாரிகள், வாடிக்கையாளர் உட்கார ஒரு மரப்பலகை. பின்னால் ஒரு நீள அறை. அந்த அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். அப்பா காலத்தில் இருமல் மருந்து, சத்து மருந்து எல்லாம் பெரிய தகர டின்களில் வரும். அவற்றைச் சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி மூடி லேபிள் ஒட்ட வேண்டும். ஊற்றுவது அம்மாவின் வேலை. புனல் வைக்க மாட்டாள், அளவுக் குவளை வைக்க மாட்டாள். டின்னை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே ஊற்றுவாள். வரிசையாக நிற்கும் பாட்டில்களில் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் மருந்து நிற்கும். கீழே ஒரு சொட்டு இருக்காது.

அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மருந்துக் கம்பெனியிலிருந்து யாராவது வந்தால் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ‘கை சிந்தாதவரைக்கும் மனசு சிந்தலைன்னு அர்த்தம்’ என்பார். முதலில் அது வேடிக்கைப் பேச்சுதான். வந்தவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஒரு பெண் நல்லவளா இல்லையா என்பதை அவள் மேஜையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம் என்று நானும் நம்பினேன். மற்ற வீடுகளில் இப்படி இல்லை என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பாவுக்குப் புராணத்தில் ஒரே ஒரு கதைதான் பிடிக்கும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு தவசி, அவர் மனைவி, பிள்ளைகள். அந்த அம்மா தினமும் ஆற்றுக்குப் போய் ஈர மணலிலேயே குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவாள். சுடாத மண், ஆனாலும் உடையாது. அவள் மனசு அப்படி. ஒரு நாள் வானத்தில் போனவன் ஒருவனின் நிழல் தண்ணீரில் விழுந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டாள். அன்றைக்குக் குடம் கரைந்துபோயிற்று. தவசிக்கு விஷயம் தெரிந்து, மூத்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ‘இவள் தலையை வெட்டு’ என்றார். அவர்கள் மாட்டோம் என்றார்கள், சபிக்கப்பட்டார்கள். கடைசிப் பிள்ளை கோடாலியை எடுத்தான், மறுபேச்சில்லாமல் வெட்டினான். தகப்பனுக்கு மனம் குளிர்ந்து, வரம் கேள் என்றார். அம்மா பிழைக்க வேண்டும், நான் வெட்டியது அவளுக்கு நினைவிருக்கக் கூடாது என்று கேட்டான். இரண்டும் கிடைத்தன.

நாங்கள் இருவரும் பாட்டில் கழுவித் துடைக்கும்போது அப்பா இதைச் சொல்லுவார். சொன்னதைக் கேட்ட பிள்ளைக்குப் பேரும் கிடைத்தது, தாயும் திரும்பக் கிடைத்தாள் என்று முடிப்பார். ஒரு தடவை அம்மா ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல், “வெட்டினவனுக்கு இவ்வளவு கிடைச்சுது. வெட்டுப்பட்டவளுக்கு என்ன கிடைச்சுது?” என்று கேட்டாள்.

“உயிர் கிடைச்சுதே” என்றார் அப்பா.

“அது அவகிட்ட ஏற்கெனவே இருந்ததுதானே.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை. அப்பா சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

நான் மருந்தாளுநர் படிப்பு முடித்துக் கடையில் உட்கார்ந்த புதிதில், எதிர்வரிசையில் ஒரு துணிக்கடைக்குக் கண்ணாடி மாட்டும் வேலை நடந்தது. வேலைக்காரர்களில் ஒருவர் சுருட்டை முடிக்காரர். நல்ல குரல். ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கும்போதுகூடப் பாடிக்கொண்டேதான் தூக்குவார். ஒரு நாள் அம்மா ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று டின் சரிந்தது. சிவப்பு மருந்து மேஜை முழுக்க ஓடி, விளிம்பில் வழிந்து, தரையில் பரவியது. அம்மா கையை உதறிக்கொண்டு நின்றாள். அப்பா முன்னாலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எதிரே அந்தக் கண்ணாடியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வெயில் பட்டுப் பளபளத்தது. அப்பா திரும்பிக் கல்லாவுக்கே போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எது கேட்பதானாலும் அவர் அண்ணனைத்தான் கேட்பார். சரக்கு எவ்வளவு வாங்கலாம், யாருக்குக் கடன் கொடுக்கலாம் எல்லாமே அண்ணன்தான். என்னிடம் அவர் அதுவரை கேட்ட கேள்வி, ‘கதவைச் சாத்தினியா’ என்பது மட்டும்தான். அன்றைக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, “நீதானே பக்கத்துல இருந்தே. அவ எங்க பார்த்துக்கிட்டிருந்தா?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை, டாக்டர். தலை குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் எங்கே பார்த்தாள் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம், ‘பார்க்கலைப்பா’ என்று. ஆனால் அவர் முதல்முறையாக என்னைக் கேட்கிறார், நான் வெறுங்கையோடு எழுந்து போவதா? “அந்தக் கண்ணாடிக்காரரைத்தான் பார்த்தாங்க” என்றேன். அவர் முகம் மாறவில்லை. பதில் சின்னதாகப் போய்விட்டதோ என்று தோன்றி, “தினமும் பார்க்கிறாங்க” என்று சேர்த்துக்கொண்டேன். அவர் அதைக் கேட்கவேயில்லை. நானாகப் போட்டுக் கொடுத்தது. அன்று என் நாக்கு கூசவில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லும்போது கூசுகிறது. பாருங்கள், தண்ணீர் குடிக்காமல் சொல்ல முடியவில்லை.

அப்பா நிதானமான மனிதர். கை நீட்டமாட்டார். அவருடைய கணக்கே வேறு. இதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். பைத்தியம் என்றால் ஊர் பரிதாபப்படும். ஊருக்கு வெளியே, உயரமான மதிலுக்குள் அவருடைய நண்பர் ஒரு மனநல இல்லம் நடத்தி வந்தார். அங்கே சேர்க்கப் புருஷன் சொன்னால் மட்டும் போதாது, கூட இருக்கும் இன்னொருவரும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று அந்த நண்பர் சொல்லியிருந்தார். அதனால் அப்பா முதலில் அண்ணனைக் கூப்பிட்டார்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “கையில இருந்து கொஞ்சம் மருந்து சிந்தினதுக்குப் பேரு பைத்தியம்னா, உங்க வாயில இருந்து சிந்தறதுக்கு என்ன பேருப்பா?” என்றான். அன்றைக்கே அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். போகும்போது அம்மாவை, வா, என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினான். அவளிடம் காரணத்தை முழுசாகச் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். என்னைக் காட்டி, ‘சின்னவன் தனியாக் கஷ்டப்படுவான்’ என்றாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் சரி என்றேன்.

கண் பரிசோதனைக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். மருந்து சிந்தியதிலிருந்து அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்திருந்தது, உடனே ஒப்புக்கொண்டாள். பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவை நுனியில் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். காரில் போகும் வழியெல்லாம் அண்ணன் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான் என்பதே பேச்சு. அந்த இல்லத்தில் நீளமான வராந்தா, பாதிச் சுவர்வரை பச்சை பெயிண்ட். பெஞ்சில் உட்கார வைத்தேன். அவளுடைய பையை நான் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே அப்பாவின் நண்பர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்றேன். அது பொய்யில்லை; ஊற்றும்போது முனகுவாளே. தனியாகச் சிரிக்கிறாள் என்றேன். சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்துவிடுகிறாள் என்றேன். அது பொய். யாரையாவது தாக்க வருவதுண்டா என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்து, சில சமயம் என்றேன். அப்படிச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்றியது. கதையில் அவனுக்குக் கோடாலி தேவைப்பட்டது. எனக்கு நாக்கே போதுமாக இருந்தது.

இரண்டு பணிப்பெண்கள் வந்து அம்மாவின் தோளைப் பிடித்தார்கள். அவள் என்னைப் பார்த்து, “இது கண்ணுக்குத்தானேப்பா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.

“நேரமாகும்போல இருக்கு. நீ போய் ஏதாவது சாப்பிடு.”

வெளியே ஒரு டீக்கடை இருந்தது. அம்மா சொன்னாளே என்று டீயும் ரொட்டியும் சாப்பிட்டேன். ரொட்டி நன்றாகவே இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

அங்கே அவளுக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தலைக்கு மின்சாரம் வைத்தார்கள் என்று பின்னால் காதில் விழுந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் அங்கே இருந்தாள். அந்த மழைக்காலத்தில் அப்பா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். சரக்கு எவ்வளவு வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார். ஒரு நாள் கடைச் சாவியை என் கையில் கொடுத்து, அந்தக் கதையில் வருகிற மாதிரியே, உனக்கு என்ன வேணும் கேளு என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் கண்ணில் நீர் இருந்தது.

நானும் கதையில் வருகிற மாதிரியே கேட்டேன். அம்மா வீட்டுக்கு வரணும், நான்தான் கொண்டுபோய் விட்டேன்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முதல் வரம் நான் தர்றேன். ரெண்டாவது உன் கையிலதான் இருக்கு. நீதானே மருந்து படிச்சவன்?” என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கன்னம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள். எங்கே போயிருந்தாள், எப்படிப் போனாள் எதுவும் பிடிபடவில்லை. ஏதோ காய்ச்சலில் படுத்து எழுந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். அமைதிக்காக ஒரு மாத்திரை கொடுத்தனுப்பியிருந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாதக் கடைசியில் நிறுத்தச் சொல்லி. மாதக் கடைசி வந்தது. நான் நிறுத்தவில்லை. கடையில் அந்த மாத்திரைக்கா பஞ்சம்? பொடித்துப் பாலில் கலக்கினேன். வடிகட்டுவது ஆடைக்காக மட்டும் இல்லை, டாக்டர். பொடி அடியில் தங்கிவிடக் கூடாது.

அதன் பிறகு அவள் கையால் ஊற்ற முடியவில்லை. லேபிள் ஒட்டக் கொடுத்தேன், கோணலாக ஒட்டினாள். அதையும் வாங்கிவிட்டு அந்தப் பின் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்பார்கள். நானே குளிக்க வெந்நீர் வைப்பேன், நானே தலை வாரிவிடுவேன். எனக்குப் பெண் பார்த்தார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவுக்காகத் தியாகம் செய்கிறான் என்று ஊர் சொன்னது. ஒருத்தி வீட்டுக்குள் வந்தால் பாலில் என்ன கலக்குகிறீர்கள் என்று கேட்பாள், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு மாலை தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகப் பேசினாள். ஒரு நீளமான வராந்தா ஞாபகம் வருகிறதாம், சுவரெல்லாம் பச்சை. யாரோ ஒரு பையன் அவளுடைய பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். “உன் சாயல்லயே இருந்தான்” என்றாள். கனவாக இருக்கும்மா என்றேன். அன்றிலிருந்து ஒரு மாத்திரை ஒன்றரையானது.

அப்பா போன பிறகு எனக்கே மனம் கேட்கவில்லை. யாருக்காகச் செய்தேனோ அவர் இல்லை, இனி எதற்கு என்று குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மூடுபனி விலகுகிற மாதிரி அம்மா தெளிந்தாள். ஒரு நாள் என் தலையைத் தொட்டு, உனக்கு எப்போடா இவ்வளவு நரைச்சுது என்று சிரித்தாள். பின் அறையில் ஒரு டின் கிடந்தது. எடுத்து இடுப்பில் சாய்த்து ஒரு பாட்டிலில் ஊற்றினாள், சிந்தவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, தானாகவே அந்த நாளைப் பற்றிப் பேசினாள். அன்றைக்கு அந்தப் பெரிய கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாளாம், முதுகு வளைந்து, இடுப்பில் டின்னோடு. யார் இந்தக் கிழவி என்று பார்த்தாளாம். அது தான்தான் என்று தெரிந்ததும் கை நழுவிவிட்டதாம்.

அவ்வளவுதான், டாக்டர். அவள் தன்னைத்தான் பார்த்தாள்.

நான் அதை வாங்கிக்கொள்வதற்குள் அவள், “என்னை அங்க கொண்டுபோய் விட்டது யாரு?” என்று கேட்டாள். கோபமே இல்லை. பாட்டில் மூடி எங்கே என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

அண்ணன் என்று சொன்னேன்.

யோசித்துச் சொன்னதில்லை. முதல் பொய்யைப் போலவே இதுவும் கேட்டவுடன் வந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பையனா, அந்தப் பையனா என்று இரண்டு முறை கேட்டாள். அன்று மாலையே பாலைக் காய்ச்சினேன். எல்லாவற்றையும் மறக்கட்டும், இதையும் சேர்த்து மறக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மருந்துக்கு நாம் நினைப்பது தெரியாது. என் தலை நரைத்ததை மறந்தாள், ஊற்றியதை மறந்தாள், கண்ணாடியை மறந்தாள். அண்ணன்மேல் வந்த வெறுப்பு மட்டும் ஏன் என்று தெரியாமலே அவளிடம் தங்கிவிட்டது.

அதற்கடுத்த வருடம் அண்ணன் வந்தான். அம்மாவுக்கு ஒரு புதுப் புடவை வாங்கி வந்திருந்தான். அவள் அவனைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ‘நீ என் பிள்ளையே இல்லை, போ’ என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் புடவையை மரப்பலகையில் வைத்துவிட்டு, “அவங்களுக்கு ஒரு பிள்ளையாவது வேணும். நீயே இருந்துக்கோ” என்றான்.

அவன் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டுப் போனான், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது? அந்தப் புடவையை நான் கொடுத்ததாகச் சொல்லித்தான் அம்மாவுக்குக் கட்டிவிட்டேன். அவளுக்கு நன்றாக இருந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். குளியலறைப் படியில் கால் தடுமாறி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. இங்கே சேர்த்ததும் நீங்கள் ரத்தம் எடுத்தீர்கள். என் பால் நின்றது, உங்கள் மருந்து ஆரம்பித்தது. அவள் தெளிந்துகொண்டே வருகிறாள், ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்கள். அந்த வராந்தா வரும், பையோடு நின்றவன் வருவான். இன்றோ நாளையோ கேட்பாள்.

போலீசுக்குச் சொல்லுங்கள், டாக்டர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். எனக்கு அந்தத் தண்டனையெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்பதுதான் பயம். வாழ்நாள் முழுக்க நான் சேர்த்தது அந்த ஒரு பார்வையைத்தான். யோசித்துப் பார்த்தால், அவளுக்கு வேதனை வரக் கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகவே மறைக்கப் போவதில்லை. அண்ணனை உள்ளே கூப்பிடுங்கள். அவனை வைத்துக்கொண்டே அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன். கண்ணாடிக்காரர், வராந்தா, பால், அண்ணன்மேல் போட்ட பழி, எல்லாம். அவள் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன், காறித் துப்பினால் துடைத்துக்கொள்கிறேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று எனக்கு எத்தனை வருட ஆசை தெரியுமா?

ஒரே ஒரு உதவி. நான் சொல்லி முடித்ததும் அவளுக்கு அரை மாத்திரை மட்டும் கொடுக்க அனுமதியுங்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு வயசானவள் எப்படித் தூங்குவாள், நீங்களே சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் எப்போதும் போல என்னைப் பார்த்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் போதும். அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவனுக்கு வெளியே உட்கார்ந்து பழக்கம். நீங்கள் சீட்டுக்கூட எழுத வேண்டாம், மாத்திரை என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.